மூன்றாவது பிளக் மட்டும் ஏன் கறுத்தது? ஒரு பழைய அம்பாசடர் எஞ்சினின் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல்லில் நான் வேலை செய்யும் பட்டறைக்குக் கடந்த ஐப்பசியில், அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், 1980களில் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 ஒன்று வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பெட்ரோல் வண்டி அது. சிலிண்டருக்குள் பொறி தந்து பெட்ரோலை எரிய வைக்கும் நான்கு பிளக்குகளும் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை புதிதாகப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடிவிட்டு, பிறகு பழையபடி மிஸ் ஆக, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறத் தொடங்கியிருக்கிறது. காலையில் சோக் இழுத்தும் எளிதில் பிடிப்பதில்லை. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி இழுக்காமல் உதறுகிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் சைலன்சருக்குள் வெடிக்கிறது. இவைதாம் அவர் சொன்ன குறைகள். "தம்பி, மூணாவது செட்டும் வாங்கிட்டேன், போட்டுப் பாத்துடலாமா?" என்று கையில் பெட்டியோடுதான் இறங்கினார். "அது இருக்கட்டும் சார், இப்ப உள்ள இருக்கிறதை முதல்ல கழட்டிப் பாப்போம்" என்றேன்.

பிளக்கை மாற்றியதும் ஒரு கோளாறு மறைந்தால் அது பிளக்கின் கோளாறுதான் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் பல முறை தோன்றியிருக்கிறது. இந்த வண்டியிலோ, பிளக் மாற்றிய விதமே கோளாறை வளர்த்து வந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பகலும் பாதி இரவும் ஆயின. நடுவில் நான் ஒரு தவறும் செய்தேன்.

எஞ்சினைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழியில் வந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாடா ஆலையில் 2014 வரை தயாரான வண்டி அம்பாசடர். இதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. நான்கு சிலிண்டர்களும் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். அந்த வரிசைப்படி பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தருவது டிஸ்ட்ரிபியூட்டர்; மேலிருந்து பார்த்தால் அதன் உள்ளே சுழலும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வார்ப்பிரும்பு. பிளக்கின் மரை 14 மி.மீ. விட்டமும் 19 மி.மீ. நீளமும் கொண்டது, பிளக் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.63 மி.மீ. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துக் காயிலில் உயர் வோல்ட்டேஜை எழுப்பும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இவற்றுள் எரியும் வரிசையையும் பிளக் இடைவெளியையும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வருவது முழுவதும் அந்த இரண்டைச் சுற்றியே நிற்கிறது.

பிளக்குகளைப் படித்தல்

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதன் குழியைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து அகற்றினோம். இல்லையென்றால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையிலுள்ள மூடியைப் பிடித்துத் திருகி எடுத்தோம். நான்கு பிளக்குகளையும் கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் வைத்து, பக்கத்தில் எண் எழுதினேன். கழற்றியவற்றை ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டால் அவை சொல்லும் சேதியில் பாதி போய்விடும்.

ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றின் பீங்கான் மூக்கு வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பில் இருந்தது. பழைய கையேடுகள் பிஸ்கட் நிறம் என்று சொல்லும் அடர்ந்த பழுப்பை இன்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த நிறத்தில் பெரும்பங்கு ஈயம் கலந்த பெட்ரோலால் வந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு அது விடைபெற்றுவிட்டது. இப்போது பரவலாகக் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய கார்புரேட்டர் தரும் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சற்று மெலிதாக்கி நிறத்தை இன்னும் வெளிற வைக்கிறது. ஆகவே அந்த மூன்றும் நலமே என்று ஒதுக்கினேன்.

மூன்றாவது பிளக்கின் மூக்கு, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியில் படியும் கரியைப் போல மென்மையாகக் கறுத்து, ஈரமாக இருந்தது. அந்த ஈரம் எண்ணெயா பெட்ரோலா என்பதில்தான் அடுத்த வேலையின் திசை இருக்கிறது. பிளக்கின் முனையைச் செய்தித்தாளில் ஒற்றி எடுத்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஈரம் உலர்ந்து, கரியின் தூள் மட்டும் காகிதத்தில் மிஞ்சியிருந்தது. எண்ணெயாக இருந்தால் வடை மடித்த தாளைப் போலக் கண்ணாடிக் கறை நின்றிருக்கும். பெட்ரோல் உள்ளே வருகிறது, முழுதும் எரியாமல் போகிறது என்பது உறுதியாயிற்று. கார்புரேட்டர் ஒன்றே நான்கு சிலிண்டர்களுக்கும் கலவை அனுப்புகிறது. அதிலும் இந்த ஹெட்டில் மூன்றுக்கும் நான்குக்கும் உள்வழித் துளை பொது. கலவை கனத்துப் போனதுதான் காரணமென்றால் நான்காவது பிளக்கும் கறுத்திருக்க வேண்டும். அது கறுக்கவில்லை என்பதால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மல்ட்டி மீட்டரில் மூன்றாவது பிளக்கின் நடு மின்முனைக்கும் உடலுக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால், எல்லையில்லாமல் இருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 2 மெகா ஓம் காட்டியது. கரிப்படலம் மின்சாரத்தைத் தீப்பொறியாகத் தாவ விடாமல் பக்கவாட்டில் வடித்துக்கொண்டிருந்தது. பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்; எரியாத சிலிண்டரில் அந்தச் சூடு வராது, கரி மேலும் படியும், மேலும் எரியாது. முதற்காரணம் எதுவாக இருந்தாலும், இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட பிளக்கைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ சில நாளைக்கு நிவாரணம் கிடைக்கும். பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடியதன் மர்மம் அவ்வளவுதான்.

இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான்கு பிளக்குகளிலும் இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. வரை இருந்தது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள பிற்காலத்து வண்டிகளுக்கான இடைவெளி அது. யாரோ பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருக்கிறார்கள். உடனே சரிசெய்யக் கை பரபரத்தது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் குணமானது என்பது தெரியாமல் போகும் என்பதால், இடைவெளியைக் குறித்துவைத்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

சோதனைகளும் முதல் விடையும்

மூன்றாவது பிளக்கைக் கம்பித் தூரிகையால் துடைத்து முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாற்றி மாட்டினோம். செலவில்லாத சோதனை இது. கோளாறு பிளக்கோடு கூடவே போகிறதா, சிலிண்டரிலேயே தங்குகிறதா என்று சொல்லிவிடும். அரை மணி நேரம் ஓட்டிவந்து கழற்றியபோது மூன்றாம் சிலிண்டரில் இருந்த பிளக்தான் கறுக்கத் தொடங்கியிருந்தது. பிளக் விடுதலையாயிற்று.

பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் ஒன்றை இங்கே செய்யவில்லை. கழற்றிய பிளக்கை ஹெட்டின் மேல் படுக்கவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றி, நீலப் பொறி வருகிறதே என்று திருப்தி அடைவதைச் சொல்கிறேன். திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைத் தாண்டுவது எளிது; சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட்டேஜ் வேண்டும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது சிலிண்டர் நிறைந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகும். பட்டறையில் நன்றாக ஓடிக் காட்டிய வண்டி மலையேறும்போது மிஸ் ஆவது அதனால்தான்.

அடுத்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்க, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் திறந்து, காயிலின் வயரை எர்த்தில் சேர்த்துவிட்டு எடுத்த அளவுகள் சதுர அங்குலத்துக்கு 128, 126, 114, 127 பவுண்டு. மூன்றாவது சற்றுக் குறைவு. அதில் மட்டும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்த்தபோது 124 ஆனது. ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்ததும் அழுத்தம் ஏறியதால், பிஸ்டன் ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறது என்று பொருள். இந்த வயதில் அது குற்றமில்லை, அந்தக் கரிக்கு அது காரணமாகவும் முடியாது.

பிளக் வயர்களில் ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டின. மூன்றாவது வயர் நேராகக் கிடக்கும்போது 40 கிலோ ஓம். பிளக் பக்கத்து முனையைச் சற்று வளைத்தால் மீட்டர் எதையும் காட்டவில்லை. ரப்பரைக் கீறிப் பார்த்தால், உள்ளேயிருக்கும் கரியேற்றிய நூல் உலோக முனையை விட்டு விலகி, நுனி கருகியிருந்தது. பிளக்கைக் கழற்றும்போது மூடியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்த கையின் வேலை அது. இந்த வயதுள்ள வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உட்புறத்தின் நான்கு முனைகளையும் நடுவிலுள்ள கார்பன் பிரஷையும் ரோட்டாரின் நுனியையும் பார்த்தேன், குறையில்லை. மூடியின் வெளிப்புறத்தை ஒரு துணியால் மேலோட்டமாகத் துடைத்து மாட்டினேன். நான்கு பிளக் வயர்கள், காயிலிலிருந்து வரும் ஒன்று என ஐந்து வயர்களையும் புதிதாகப் போட்டோம். எஞ்சின் தாளம் தவறாமல் நின்றது. ஆசிரியரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அப்ப இந்த பிளக் செட்டை வீட்லயே வச்சுக்கிறேன்" என்றார்.

புதிதாக வந்த சத்தம்

சிறுமலைக்குப் போகும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வண்டியைச் சோதிக்க எங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சாரலில் ஏறினோம். இரண்டு வளைவு வரை இழுவை நன்றாக இருந்தது. மூன்றாவதில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது பானட்டுக்குள்ளிருந்து "டப்" என்று ஒரு சத்தம். சைலன்சர் வெடி அன்று, கார்புரேட்டர் இருமியது. இதற்கு முன் இந்த வண்டியில் அந்தச் சத்தம் வந்ததில்லை என்று உடன் வந்த ஆசிரியர் உறுதியாகச் சொன்னார். வயர் மாற்றியதால் பழைய குறை மட்டுப்பட்டு, புதிய குறை ஒன்று பிறந்திருந்தது.

கார்புரேட்டர் இருமினால் வழக்கமாகக் கலவை மெலிதாக இருப்பதையோ வால்வு சரியாக மூடாததையோ சந்தேகிப்போம். ஆனால் நான் மாற்றியது வயர்களை மட்டும். மாற்றியதற்கும் மாறியதற்கும் தொடர்பில்லாமல் இருக்குமா என்ற கேள்வி இறங்கி வரும் வழியெல்லாம் உறுத்தியது.

இரவு பட்டறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டோம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் வயர்கள்மீதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமீதும் மெல்லிய தூறலாக அடித்தேன். மூடியின் மேல், முதல் வயர் செருகும் குழலுக்கும் மூன்றாம் வயர் செருகும் குழலுக்கும் நடுவே, தையல் நூல் பருமனில் ஒரு நீலக் கீற்று துடித்தது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டினால் கீற்றும் அடர்ந்தது. அணைத்து, வயர்களின் ரப்பர் தொப்பியை உயர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்தபோது, பென்சிலால் கிழித்ததைப் போன்ற கோடு ஒன்று ஒரு குழலின் விளிம்பிலிருந்து மற்றதின் விளிம்புக்கு ஓடியது. துணியால் தேய்த்தால் போகவில்லை. பிளாஸ்டிக்கே கருகிக் கரிப் பாதையாகியிருந்தது. மதியம் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்த நான், ரப்பர் தொப்பியை உயர்த்தி வெளிப்புறத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என் தவறு.

எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் மூடியில் ஒன்றும் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் குழல்கள். மூன்றாம் சிலிண்டர் எரிய வேண்டிய நொடியில் அதன் கலவை முழுதும் அழுத்தப்பட்டிருக்கும். அதே நொடியில் முதல் சிலிண்டர் தன் எரிப்பை முடித்து, புகை வெளியேறும் நிலையில் அழுத்தம் தணிந்திருக்கும். ரோட்டார் மூன்றாம் முனைக்கு மின்சாரத்தைக் கொடுக்கும்போது, அறுந்த வயரையும் அழுத்தத்தையும் தாண்டிப் போவதைவிட, கரிக்கோட்டின் வழியாக முதல் பிளக்குக்குப் போவது அதற்கு எளிது. எரிந்து முடிந்த புகையில் பொறி விழுந்து வீணாகும், மூன்றாம் சிலிண்டர் எரியாமல் போகும், அதன் பெட்ரோல் சைலன்சரில் போய் வெடிக்கும். ஆசிரியர் கொண்டுவந்த குறைகள் இவையே.

இதன் மறுபக்கம்தான் சுவையானது. முதல் சிலிண்டர் எரிய வேண்டிய நொடியில் மூன்றாவது, கலவையை உள்ளிழுத்து முடிக்கும் தறுவாயில் இருக்கும். உள்வால்வு இன்னும் மூடியிருக்காது, அழுத்தமும் இருக்காது. பொறி அங்கே தாவினால் திறந்த வால்வின் வழியே தீ பின்னோக்கிப் பாய்ந்து கார்புரேட்டரில் இருமும். மூன்றாவது வயர் அறுந்திருந்தவரை அந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டிருந்தது. நல்ல வயரைப் போட்டு நானே அதைத் திறந்துவிட்டேன். பழுதான வயர் ஒரு குறையை உண்டாக்கியபடியே இன்னொரு குறையை மறைத்தும் வைத்திருந்தது.

கோடு எப்படி உருவானது

பிளக் இடைவெளிக்குப் போய்ச் சேருகிறது இந்தக் கேள்வி. காயில் தனக்கென்று ஒரே வோல்ட்டேஜைக் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. பொறி தாவும்வரை ஏறிக்கொண்டே போகும், தாவியதும் நின்றுவிடும். 0.63 மி.மீ. இடைவெளி போதுமென்றிருக்கும் இடத்தில் 1.1 மி.மீ. வைத்தால் ஒவ்வொரு பொறிக்கும் வோல்ட்டேஜ் கூடுதலாக ஏறியாக வேண்டும். வயரும் உள்ளே அறுந்திருந்தால் தாண்ட வேண்டிய இடைவெளி இரண்டாகிறது. அப்படி ஏறும் வோல்ட்டேஜ், மழைக்கால ஈரமும் தூசியும் படிந்த மூடியின் மேல் வேறு வழி தேடும். ஒரு முறை ஊர்ந்து போன இடம் கருகும், கருகிய இடம் அடுத்த முறை வழிவிடும். ஓடும் எஞ்சினில் வயரை வெறுமனே பிடுங்கி எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று பார்க்கும் பழக்கமும் இதே கேட்டைச் செய்யும். பிடுங்கிய வயரை எர்த்தில் சேர்த்துவிட்டுத்தான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இது வெறும் ஊகமாக நிற்கக் கூடாது என்பதால் அன்றிரவே, பழைய மூடி இருக்கும்படியே, நான்கு பிளக்குகளின் இடைவெளியையும் 0.63 மி.மீட்டருக்குக் குறைத்து மீண்டும் இருட்டில் ஓட்டிப் பார்த்தோம். உலர்ந்த நிலையில் நீலக் கீற்று காணாமல் போயிற்று. தண்ணீர் தெளித்தபோது மங்கலாக, விட்டுவிட்டு வந்தது. இடைவெளி வோல்ட்டேஜை ஏற்றியிருக்கிறது, மூடி அதற்குப் பலியாகியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சான்று எங்கள் பட்டறையில் கிடைக்காது.

இன்னொரு சான்று ஆசிரியரின் நினைவிலிருந்து வந்தது. வந்தபோது "மிஸ் ஆனதால் பிளக் மாற்றினோம்" என்று சொன்னவரிடம், முதல் முறை மாற்றியது எப்போது என்று கேட்டேன். சற்று யோசித்தார். "திருச்செந்தூர் போறதுக்கு முன்னாடி, தம்பி. அப்ப வண்டியில ஒண்ணும் இல்ல. தூரமாப் போறோமே, பழசாச்சேன்னு மாத்தச் சொன்னேன்" என்றார். தொந்தரவு தொடங்கியது அந்தப் பயணத்துக்குச் சில நாட்களுக்குப் பிறகு. நலமாக இருந்த வண்டியில் வயரை இழுத்து, இடைவெளி பார்க்காத பிளக்கை மாட்டிய அன்றுதான் இந்த நோய் தொடங்கியிருக்கிறது. இந்தக் கேள்வியை நான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

செய்த வேலைகள்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் புதிதாகப் போட்டோம். கோட்டைப் பிளேடால் சுரண்டி நகப்பூச்சுத் தடவும் வைத்தியம் வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. பாயிண்ட் இடைவெளி தேய்ந்து 0.30 மி.மீ. ஆகியிருந்ததை 0.38ஆக வைத்தோம், பாயிண்டைத் தொட்டால் பொறி விழும் நேரமான டைமிங் நகரும் என்பதால் அதையும் பிறகு சரிபார்த்தோம்.

ஆசிரியர் வாங்கிவைத்திருந்த மூன்றாவது செட் பயன்படவில்லை. அதுவும் 1.1 மி.மீ. இடைவெளிக்கான வகை, வெப்ப அளவிலும் ஒரு படி குளிர்ந்தது, அதாவது தன் சூட்டை விரைவாக வெளியே கடத்திவிடும் வகை. இந்த எண்களில் ஒரு வலை இருக்கிறது: என்.ஜி.கே. பிளக்குகளில் வெப்ப எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் கூடினால் சூடான வகை. ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்கினால் தலைகீழாகிவிடும். பெட்டியின் மேலுள்ள எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்து இணையான வகையைக் கேட்பதைவிட, வண்டியின் பெயரையும் எஞ்சினையும் சொல்லி அட்டவணையில் பார்க்கச் சொல்வது நல்லது. பொருத்தமான வகையை வாங்கி, இடைவெளியை வைத்து, கையால் மரையேற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்கினோம். சிறுமலையின் 18 வளைவுகளிலும் இருமலும் இல்லை, உதறலும் இல்லை.

தை மாதக் கடைசியில், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓடிய பின், ஆசிரியர் வண்டியைக் கொண்டுவந்தார். பிளக்குகளைக் கழற்றி மீண்டும் செய்தித்தாளில் வரிசையாக வைத்தோம். நான்கின் மூக்கும் ஒரே வெளிறிய பழுப்பு. மூன்றாவதின் மரையின் கடைசிச் சுற்றுகளில் மட்டும் லேசான எண்ணெய்ப் பசை இருந்தது. தாளில் ஒற்றியபோது, இந்த முறை கறை உலராமல் நின்றது. அன்று கம்ப்ரெஷன் கேஜ் காட்டிய ரிங் தேய்மானம் அது. "இதுக்கு எஞ்சினை இறக்கணுமா?" என்று கேட்டார். "இப்ப வேண்டாம் சார். ஆயில் எவ்வளவு ஊத்துறீங்கன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க, அடுத்த ஆடியில பாத்துக்கலாம்" என்றேன். டேஷ்போர்டிலிருந்து ஒரு பழைய வருகைப்பதிவேட்டை எடுத்து, அங்கேயே கோடு போட ஆரம்பித்தார்.